நான் ஆகாது என்று சொன்ன வண்டி

முதல் கார் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கதவைத் திறந்து ஏறி உட்காருங்கள். சாவியைத் திருப்பாமல் ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். சீட் இடுப்பைத் தாங்குகிறதா, கிளட்சுக்குக் கால் எட்டுகிறதா, கண்ணாடியில் பின்னால் வருகிறவன் தெரிகிறானா என்று பாருங்கள். எஞ்சின், பெயிண்ட், டயர் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஆனால் பத்துப் பேரில் எட்டுப் பேர் ஏறி உட்கார்ந்ததும் பாட்டைத்தான் போட்டுப் பார்க்கிறார்கள்.

இன்ஸ்பெக்டர் அம்மா, இதை எதற்கு இங்கே வந்து சொல்கிறேன் என்று பார்க்கிறீர்கள். வண்டியில் தொடங்கினால்தான் எனக்குப் பேச்சு வரும். உங்கள் காகிதத்தில் ஒரு வரி தப்பாக இருக்கிறது, அதைத் திருத்தத்தான் வந்தேன். போன மாதம் கிருஷ்ணன்கோவில் ரோட்டில் ஒரு சிவப்புக் கார் புளியமரத்தில் மோதி, பானுப்பிரியா என்ற பெண் இறந்துபோனாள். இருபத்தேழு வயது. இன்ஜினியரிங் காலேஜில் பாடம் எடுத்தவள். ‘ஓட்டியவரின் அதிவேகமும் அஜாக்கிரதையும்’ என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அவள் வேகமாகப் போகவில்லை. அஜாக்கிரதையாகவும் இல்லை. எனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். அதற்குப் பிறகு என்னை விடுவதும் வைப்பதும் உங்கள் பாடு.

என் பெயர் தவசிமுத்து. இராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் முப்பத்தொரு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். மில் முதலாளி வீட்டுப் பெண்கள், டாக்டர்கள், பேண்டேஜ் துணிக் கம்பெனிக்காரர்கள், பட்டாளத்துக்குப் போய்வந்தவர்கள் என்று பாதி ஊர் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வியர்த்திருக்கிறது. உங்கள் ஜீப்பை ஓட்டுகிறாரே, அவர்கூட என்னிடம் படித்தவர்தான். கியர் மாற்றும்போது இன்னும் கீழே குனிந்து பார்க்கிறாரா என்று பாருங்கள்.

ஸ்கூல் ஒரு பக்கம். ஊரில் என் மரியாதை வேறு ஒன்றில் இருந்தது. யார் செகண்ட் ஹேண்டில் கார் எடுத்தாலும் முதலில் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றுவேன். பானெட்டைத் திறப்பேன். சஞ்சீவி மலை வரை ஓட்டிப் போய்த் திரும்புவேன். இறங்கிக் கையைத் துடைத்துக்கொள்வேன். எங்கள் ஊரில் கை துடைக்கவும் பேண்டேஜ் துணிதான், கழித்துப் போட்டது. துடைத்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்வேன். ஆகும். இல்லாவிட்டால், ஆகாது.

எங்கள் பக்கம் அந்த வார்த்தைக்கு எடை அதிகம். மருந்தானாலும் மாப்பிள்ளையானாலும் நிலமானாலும் நமக்கு ஒத்துவருமா என்பதை ஆகுமா என்றுதான் கேட்போம். நான் ஆகும் என்றால் அன்றைக்கே அட்வான்ஸ் கொடுப்பார்கள். ஆகாது என்றால் வண்டிக்காரர் வீட்டில் காபி குடிக்காமல் எழுந்துவிடுவார்கள். முப்பத்தொரு வருடத்தில் காரணம் கேட்டவர் கிடையாது. ஒரு டீயைத் தவிர நான் எதையும் வாங்கியதும் கிடையாது. இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். ஊரில் நேர்மையான ஆள் யார் என்று கேட்டால் என் பெயரைத்தான் சொல்வார்கள்.

பானு மூன்று வருடத்துக்கு முன்னால் என்னிடம் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அப்பா இல்லை. அம்மா பாண்டிசெல்வி பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் பார்க்கிறவள். முதல் நாளே, “கிளட்ச மெதுவா விடு” என்றேன். “எதுக்கு சார்?” என்றாள். மற்றவர்களுக்குத் திட்டு விழுந்திருக்கும். அவள் கேட்டவிதம் எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் ஒட்டவைத்து, ஒன்று சுற்றும்போது இன்னொன்று எப்படி அதைத் தொடுகிறது என்று காட்டினேன். அன்றைக்கு அவள் ஓட்டும்போது வண்டி ஒரு தடவைகூட அணைந்து நிற்கவில்லை. பிறகு எதைச் சொன்னாலும் ‘எதுக்கு சார்’ என்பது அவள் வாடிக்கையாகிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் டெஸ்ட், முதல் தடவையிலேயே பாஸ். பால்கோவா வாங்கிக்கொண்டு நேராக என் ஸ்கூலுக்குத்தான் வந்தாள். என்னிடம் படித்தவர்களில் அவளைப் போல ஓட்டுகிற ஆள் இல்லை. அவள் இறந்துவிட்டதற்காகச் சொல்லவில்லை. உயிரோடு இருந்தபோதே இதைச் சொல்லியிருக்கிறேன்.

இந்தச் சித்திரையில் அவளுக்கு ஒரு வண்டி வந்தது. புரோக்கர் சோலைராஜ் காட்டியது. சிவப்பு நிறம், பானெட்டில் இரண்டு கறுப்புப் பட்டை, அகலமான டயர், அலாய் வீல், டர்போ எஞ்சின். காலேஜ் பையன்கள் ரோட்டில் நின்று திரும்பிப் பார்க்கிற ரகம். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் ஒரு பேங்க் மேனேஜர் வீட்டில் நின்றது. அவருக்கு மாற்றல் வந்துவிட்டதால் கொடுக்கிறார். பானு, அவள் அம்மா, சோலைராஜ், நான் என்று நான்கு பேரும் சோலைராஜ் காரில் போனோம்.

வாக்குமூலம் என்பதால் உள்ளதைச் சொல்கிறேன். வண்டியில் ஒரு குறையும் இல்லை. எஞ்சினில் எண்ணெய்க் கசிவு கிடையாது. சேஸிஸ் நேராக இருந்தது. மடவார்வளாகம் வரை ஓட்டினேன், ஸ்டியரிங் நூல் பிடித்ததுபோல் நின்றது. இறங்கிக் கையைத் துடைத்தேன். அதற்குள் பானு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். சாவியைத் திருப்பவில்லை. நான் சொல்லிக்கொடுத்தபடியே சும்மா உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவள் முடிவு பண்ணிவிட்டாள் என்று தெரிந்தது.

“ஆகாது” என்றேன்.

அவள் இறங்கி வந்தாள். “எதனால சார்?”

“ஆகாதுன்னா ஆகாதுதான் தாயி.”

“எஞ்சின்ல ஏதும் கோளாறா?”

“எஞ்சின் நல்லாத்தான் இருக்கு.”

“பொறவு?”

நாலு பேர் முன்னால் என்னிடம் பொறவு என்று கேட்டாள். நானும் காரணம் சொன்னேன். முதல் கார் என்றால் சாதுவாக இருக்க வேண்டும், இது தொட்டால் பாய்கிற வண்டி. தரையோடு தரையாக இருக்கிறது, ஸ்பீடு பிரேக்கரில் அடி வாங்கும். இந்த மாதிரி வண்டியை எடுத்தவன் மிதித்து ஓட்டியிருப்பான், உள்ளே தேய்ந்திருக்கும், வெளியே தெரியாது. நியாயமான காரணங்கள்தான். வேறு வண்டியாக இருந்தால் அத்தனையும் பொருந்தும்.

“மேனேஜர் சார் ஒருத்தர்தான் சார் ஓட்டிருக்காக. சர்வீஸ் புக்க பூராம் பாத்துட்டேன். அடிபட்ட வண்டியான்னு கதவு ரப்பர இழுத்து வெல்டிங் பாத்தேன். போல்ட்டுல ஸ்பேனர் பட்ட தடம் இருக்கான்னு பாத்தேன். எல்லாம் நீங்க சொல்லிக்குடுத்ததுதான? பிக்கப் இருந்தா பஸ்ஸ ஓவர்டேக் பண்றது சட்டுனு முடியும், எதுத்தாப்ல கெடக்குற நேரம் கொறையும், அதான் பத்திரம்னு நீங்கதான சார் சொன்னீங்க?”

சொன்னது நான்தான். சோலைராஜ் மேனேஜர் வீட்டுச் செம்பருத்தியைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டான். சிரிப்பை மறைக்கத்தான்.

பாண்டிசெல்விக்குப் பயம் வந்துவிட்டது. “அண்ணாச்சியே ஆகாதுன்னு சொல்லுதாக. வேண்டாம்ட்டி, விட்ருவோம்.”

“சார் ஒரு காரணம் சொல்லட்டும்மா, விட்ருதேன்” என்றாள் பானு. மரியாதையாகத்தான் சொன்னாள். குரல்கூட உயரவில்லை. நான் சோலைராஜ் காரில் திரும்பவில்லை. டவுன் பஸ் பிடித்து ஊருக்கு வந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வண்டியை எடுத்துவிட்டாள். ஆண்டாள் கோவில் முன்னால் நிறுத்தி, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டு, பால்கோவாவோடு என் ஸ்கூலுக்கு வந்தாள். “கோவப்படாதீங்க சார்” என்றாள். எனக்கு என்ன கோபம் என்றேன். பால்கோவாவைச் சாப்பிட்டேன், நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகு காத்திருந்தேன். மறைக்க ஒன்றும் இல்லை, காத்திருந்தேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். தினமும் காலையில் இராஜபாளையத்திலிருந்து கிருஷ்ணன்கோவில் போவாள், சாயங்காலம் வருவாள். அந்த வண்டி ஒருநாள் ரோட்டோரம் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கும், எனக்குப் போன் வரும், நான் போவேன், ஒரு வார்த்தையும் குத்திச் சொல்லாமல் சரி பண்ணிக் கொடுப்பேன் என்று நினைத்திருந்தேன். நிற்கவே இல்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு கூமாப்பட்டிக்குக் கல்யாண வீட்டுக்குப் போனாள். அந்த ரோட்டில் போய்விட்டு வந்தால் அடியில் தகரம் கிழிந்திருக்கும் என்று, அடுத்த நாள் ஸ்கூல் முன்னால் நின்றபோது, செருப்பை மாட்டுவதுபோலக் குனிந்து பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. ஆடி மாதம் குற்றாலம் போய் வந்தாள். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? எங்கள் தெரு முக்கில் மலைச்சாமி டீக்கடை. ஆவணியில் ஒரு காலை, கடை நிறைய ஆட்கள். மலைச்சாமி டீயை ஆற்றிக்கொண்டே, “அண்ணாச்சி, ஒரு வேன் பாத்து வச்சிருக்கேன். ஆகாதுன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க, எடுத்துருதேன்” என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் இன்னும் நாலு நாள் அதையே பேசுவார்கள். ஆனால் சிரித்தும் அது நிற்கவில்லை. ஆகாது என்றால் ஆகும் என்று அர்த்தம் எனக் கேலி ஊரெல்லாம் போய்விட்டது. முப்பத்தொரு வருடம் சேர்த்துவைத்த ஒரு வார்த்தையை ஒரு சிவப்புக் கார் தலைகீழாக்கிவிட்டது.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். சோலைராஜ் வண்டி பார்க்க பானுவைக் கூப்பிட ஆரம்பித்தான். சனி, ஞாயிறுகளில் போவாள். பார்த்துவிட்டு, இது இதனால் நல்லது, இது இதனால் சரிவராது என்று உட்கார்ந்து விளக்குவாளாம். என் சொந்தத் தங்கச்சி மகன் கார் எடுத்தான், அவளைத்தான் கூட்டிப்போனான். கேட்டதற்கு, “மாமா, அந்தக்கா வெவரமாச் சொல்லுதாக” என்றான். விவரம் முழுக்க என்னுடையது. கதவு ரப்பரை இழுத்துப் பார்ப்பது யார் சொன்னது?

ஒருநாள் சோலைராஜ் என்னிடம் வந்து, ஏதோ ஆறுதல் சொல்வதுபோல ஒன்று சொன்னான். “உங்களப் பத்தி யாரும் கேலி பேசுனா அந்தப் புள்ள விடாது அண்ணாச்சி. சார் சும்மா சொல்ல மாட்டாக, எனக்குத்தான் இன்னும் காரணம் பிடிபடலன்னு சொல்லுது.” அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மலைச்சாமி கேலி பண்ணினான், போகட்டும். இவள் எனக்காகப் பரிந்து பேசுகிறாள். நான் சொல்லிக்கொடுத்த பெண், என்னைப் பார்த்து இரக்கப்படுகிறாள். அது எனக்குத் தாங்கவில்லை.

சரி, ஆயுத பூஜைக்கு வருகிறேன்.

என் ஸ்கூலில் ஆயுத பூஜை என்றால் பழைய மாணவர்கள் எல்லாரும் வண்டியைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்துவார்கள். அதில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். சந்தனம், குங்குமத்துக்கு முன்னால் நட்டு. வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வண்டியாகக் குந்தி உட்கார்ந்து, நாலு சக்கரத்திலும் நட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று நானே பார்ப்பேன். பார்த்த சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவேன். பழம் இருந்தால் நட்டு பார்த்தாகிவிட்டது என்று கணக்கு. என் கை பட்ட சக்கரம் இன்றுவரை கழன்றதில்லை என்று ஊரில் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருந்தது.

இந்த வருடம் பதினேழு வண்டி. பானுவும் அம்மாவும் வந்தார்கள். சிவப்புக் காரைக் கழுவித் துடைத்து வரிசையின் கடைசியில் நிறுத்தியிருந்தாள். “சார், நம்ம வண்டியையும் பாத்துருங்க” என்றாள். நம்ம வண்டி. எல்லார் காதிலும் விழுந்தது. மலைச்சாமிகூட வேனோடு வந்திருந்தான். ஆமாம், எடுத்துவிட்டிருந்தான்.

பதினாறு வண்டிக்கும் ஸ்பேனரை வலப்பக்கம் திருப்பினேன். பானுவின் வண்டிக்கும் மூன்று சக்கரத்துக்கு வலப்பக்கம்தான். முன் இடது சக்கரத்துக்கு மட்டும் இடப்பக்கம் திருப்பினேன்.

கை தவறிவிட்டது என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். கோர்ட்டும் நம்பும். நான் சொல்ல மாட்டேன். கை தவறுகிற ஆள் இல்லை நான். ஐந்து நட்டையும் ஒன்றுபோலத் தளர்த்தினேன். கழற்றவில்லை. அலாய் வீலுக்கு நடுவில் ஒரு மூடி உண்டு, அதைப் போட்டு மூடினேன். சுற்றிலும் முப்பது பேர் நின்றார்கள். எல்லாரும் நான் குனிந்ததைப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது வழக்கமான பூஜையை.

அங்கே ஒரு சின்னப் பிசகு நடந்தது. எழுந்து கையைத் துடைத்தேன். பானு குனிந்து பார்த்துவிட்டு, “சார், இந்தச் சக்கரத்துக்குப் பழம் வைக்கலையே?” என்றாள்.

வைக்கத்தான் இல்லை. ஏன் வைக்கவில்லை என்று இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன். நட்டு பார்க்காத சக்கரத்துக்குப் பழம் வைத்துப் பழக்கம் இல்லை, கை வைக்க மறுத்துவிட்டது போல. தட்டில் ஒரு பழம் இருந்தது.

“நீயே வச்சிரு தாயி” என்றேன்.

சிரித்துக்கொண்டே எடுத்து வைத்தாள். வண்டியை முன்னால் நகர்த்தி, நாலு பழத்தையும் ஏற்றினாள். இறங்கி என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். பாண்டிசெல்வி கண் கலங்கிப்போய் நின்றாள். “நீங்க அன்னிக்கு ஆகாதுன்னு சொன்னதுல இருந்து எனக்கு நெஞ்சுல ஒரு பயம் அண்ணாச்சி. அவ வீடு வந்து சேருற வரைக்கும் வாசல்லயே நிப்பேன். இன்னிக்கு உங்க கையால தொட்டுக் குடுத்துட்டிய. இனி பயமில்ல” என்றாள்.

கொல்ல நினைத்தாயா என்று கேட்கப்போகிறீர்கள். இல்லை. நான்கு நாள் ஓடும், சக்கரம் ஆடும், ரோட்டில் நிற்கும். நாலு பேர் பார்ப்பார்கள். தவசிமுத்து அன்றைக்கே சொன்னாரே என்று ஒருவன் சொன்னால் போதும். அதற்குமேல் எனக்கு ஆசை இல்லை. இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் ஒரு போன் வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் நீங்களே போன் கம்பெனியில் கேட்டுத் தெரிந்துகொள்வீர்கள். பூஜை முடிந்து ஏழாம் நாள், காலை எட்டே காலுக்கு. நான் ஒரு அம்மாளுக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

“சார், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டிட்டேன். முன்பக்கம் லேசா ஆடுது. டக்டக்னு ஒரு சத்தம். ஓரமா நிப்பாட்டிட்டேன்” என்றாள்.

ஓரமாக நிறுத்தியிருந்தாள். அடுத்தபடி என்ன செய்ய வேண்டுமோ அதையும் அவளே சொன்னாள். “டிக்கில ஸ்பேனர் இருக்கு. வீல் நட்ட செத்த பாக்கட்டுமா?”

ஒரு பெண் தனியாக ரோட்டில் நின்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டாள். பாரு என்று சொல்லியிருந்தால் பத்து நிமிட வேலை. அவளே இறுக்கியிருப்பாள். நேராகக் காலேஜ் போயிருப்பாள். சாயங்காலம் மலைச்சாமி கடையில், தவசிமுத்து பார்த்த நட்டு தளர்ந்துகிடந்ததாம், பானு டீச்சர்தான் கண்டுபிடித்து இறுக்கினாராம் என்று பேசியிருப்பார்கள்.

“நட்டு நான் டைட் பண்ணுனது. அதத் தொடாத” என்றேன். “அந்த ரோட்டுல ஒட்டுப் போட்டு வச்சிருக்கான், அப்படித்தான் ஆடும். ஓட்டு.”

எதுக்கு சார் என்று கேட்பாள் என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் கேட்டவள். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

“சரி சார்” என்றாள்.

அவள் என் வார்த்தையைக் காரணம் கேட்காமல் ஏற்றுக்கொண்டது அந்த ஒரு தடவைதான். நான் திரும்பி, அந்த அம்மாளிடம் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னேன். அவர் தூணில் இடித்தார். நான் திட்டவில்லை.

மற்றது உங்கள் காகிதத்தில் இருக்கிறது. சக்கரம் தனியாகப் போய்ப் பருத்திக்காட்டில் கிடந்தது. மரத்தில் மோதிய வேகத்தில் கழன்றது என்று எழுதியிருக்கிறீர்கள். சிவப்புக் கார், டர்போ, இளவயசுப் பெண். வேகம் என்று எழுதச் சொல்லியே தர வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

துக்க வீட்டுக்குப் போனேன். போகாமல் இருப்பேனா? பாண்டிசெல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க அன்னிக்கே சொன்னிய அண்ணாச்சி. ஆகாது, ஆகாதுன்னு சொன்னிய. பாவி, நாங்கதான் கேக்கல” என்று அழுதாள். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் நீங்கள் என்னிடம் உண்மையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த நேரத்தில் எனக்கு மனசு நிறைந்திருந்தது. ஆறு மாதம் கழித்து அன்றைக்குத்தான் ஒரு வாய்ச் சோறு ருசியாகச் சாப்பிட்டேன்.

ஊரும் திருந்தியது. மலைச்சாமி எழுந்து நின்று டீ கொடுக்கிறான். போன வாரம் மட்டும் நாலு பேர் வண்டி பார்க்கக் கூப்பிட்டார்கள். மூன்றை ஆகும் என்றேன், ஒன்றை ஆகாது என்றேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அப்படியே விட்டிருக்கலாம். நீங்களாகக் கண்டுபிடித்திருக்க மாட்டீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் நேற்று டீக்கடையில் வெளியூர்க்காரன் ஒருவன் பேப்பரை வைத்துக்கொண்டு, “ஸ்பீடுதான் காரணம்னு போலீஸே சொல்லிட்டு. எந்த ஸ்கூல்ல படிச்சுதோ, என்னத்தக் கத்துக்குடுத்தானுவளோ” என்றான். மலைச்சாமி என்னைப் பார்க்காமல் பாய்லரைப் பார்த்தான். அப்போதுதான் உங்கள் அந்த ஒரு வரி என்ன செய்கிறது என்று எனக்கு உறைத்தது. என்னிடம் படித்தவள் தப்பாக ஓட்டினாள் என்று சர்க்கார் காகிதத்தில் நிரந்தரமாக நிற்கப்போகிறது. அதை நான் எப்படி விடுவேன்?

எழுதிக்கொள்ளுங்கள். சம்பவ இடத்தை நேற்று மத்தியானம் போய்ப் பார்த்தேன். சக்கரம் போன பக்கம் தாரைக் கீறிக்கொண்டு போன தடம் இன்னும் இருக்கிறது. அறுபதுக்கு மேல் போகவில்லை. சக்கரம் கழன்ற பிறகு பிரேக்கை அடித்து மிதிக்கவில்லை. ஸ்டியரிங்கை ஒடிக்கவில்லை. எதிரே வந்ததாக உங்கள் காகிதத்திலேயே இருக்கிற காலேஜ் பஸ் பக்கம் போய்விடாமல், இரண்டு கையாலும் பிடித்து இடப்பக்கமாகவே கொண்டுபோயிருக்கிறாள். அந்தப் பஸ்ஸில் நாற்பது பிள்ளைகள். அந்த இடத்தில் நானாக இருந்தாலும் அதற்குமேல் ஓட்டியிருக்க முடியாது. ஓட்டியவள் மேல் ஒரு பிசகும் இல்லை. நட்டைத் தளர்த்தியது நான். தொடாதே என்று சொன்னதும் நான். தவசிமுத்து என்று முழுப் பெயரையும் போட்டு, அந்த அதிவேகம் என்ற வார்த்தையை என் கண் முன்னால் அடித்துவிடுங்கள். பிறகு கையெழுத்துப் போடுகிறேன்.

இப்போது நீங்களும் எதற்கு என்று கேட்கிறீர்கள். அவளும் அப்படித்தான் கேட்டாள். மேனேஜர் வீட்டு வாசலில் என்னிடம் ஒரே ஒரு காரணம்தான் கேட்டாள், அன்றைக்கு என்னிடம் இல்லை. இப்போது இருக்கிறது, அதையும் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வண்டியில் முன் இடது சக்கரம் சரியில்லை. நான் முதல் நாளே ஆகாது என்று சொன்னேன்.